மச்சு வீட்டுக்கு டி.ஏ.பி. கரைசல் அடிக்கலாமா?

கேள்வி: அண்ணாச்சி, புளியரையில் எங்கள் தாத்தா கட்டிய மச்சு வீடு இருக்கிறது. தேக்கு உத்தரம், அயினிப் பலகை, மரப்படி, மேலே நாட்டு ஓடு. சாரல் காலத்தில் குற்றாலம் வருகிறவர்களுக்கு மாடியில் மூன்று அறைகளை வாடகைக்கு விடலாம் என்று இருக்கிறோம். பின்கட்டு அடுக்களையை இடித்துப் புதிதாகக் கட்டுகிறோம். தீயை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. புனலூர்க் கடைக்காரர், மரத்தூளும் பிளாஸ்டிக்கும் சேர்த்துச் செய்த டபிள்யூ.பி.சி. பலகையில் லைட்டரைப் பிடித்துக் காட்டி, "பாருங்கள், தீப்பிடிக்காது" என்றார். தென்காசியிலிருந்து வந்த பெயின்ட் விற்பனையாளர், நிறமில்லாத பூச்சு இரண்டு கோட் அடித்தால் மரம் முழுக்கப் பாதுகாப்பு என்கிறார். என் கொழுந்தன், டி.ஏ.பி. உரத்தையும் வெண்காரத்தையும் (போராக்ஸ்) கரைத்து அடித்தாலே போதும், எதற்குச் செலவு என்கிறார். ஆசாரியோ, தேக்குக்கு எதுவுமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். யார் பேச்சைக் கேட்பது? படிக்கட்டுக்கு அடியில் பழைய பத்தாயம் ஒன்று கிடக்கிறது. அதற்கும் ஏதாவது பூச வேண்டுமா?
— புளியரை வாசகி

பதில்:

அம்மா, இந்த நால்வரில் ஆசாரிக்குத்தான் என் ஓட்டு. முக்கால் ஓட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கால் ஓட்டு உங்கள் கொழுந்தனுக்கு. அவர் சொல்லும் ரசாயனம் சரி, அடிக்கும் வழிதான் தவறு. பெயின்ட்காரர் பாதி உண்மையை முழு விலைக்கு விற்கிறார். லைட்டர் காட்டிய கடைக்காரர்மேல் மட்டும் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. அவரிடம் கடைசியில் வருகிறேன்.

முதலில், தீப்பிடிக்காத மரம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். அப்படி ஒரு சரக்கு எந்தக் கடையிலும் கிடையாது. மரத்துக்கு மருந்தேற்றும் எங்கள் தொழிலில் 'தீத்தடுப்பு மருந்து' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது செய்வதெல்லாம் தாமதம்தான். பற்றுவதைச் சில நிமிடம் தள்ளிப்போடும். பற்றிவிட்டால் பரவும் வேகத்தைக் குறைக்கும். மாடியில் தூங்கும் விருந்தினர் விழித்து, படியிறங்கி, முற்றத்துக்கு வந்து சேர அந்த நிமிடங்கள் போதுமா என்றுதான் பார்க்க வேண்டும். கேரளம் போகும் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலை உங்களுடையது. தீயணைப்பு வண்டி எப்போது வரும் என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

விறகடுப்பை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். சுடர் விறகோடு ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. சிறிது இடைவெளி விட்டு மேலே ஆடுகிறது. ஏனென்றால் எரிவது விறகிலிருந்து எழும் வாயு. 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மரம் உள்ளுக்குள் சிதைந்து வாயு விடத் தொடங்குகிறது. 300 டிகிரியை நெருங்கும்போது, பக்கத்தில் ஒரு சுடர் இருந்தால் போதும், பற்றிக்கொள்கிறது. வாயு எல்லாம் போன பிறகு மிஞ்சும் கரி, கங்காகக் கனல்கிறது. சுடர் வேறு, கங்கு வேறு. மருந்துப் பேச்சு வரும்போது இந்த வேறுபாடு வேண்டியிருக்கும்.

ஆசாரி சொன்னதன் நியாயம் அந்தக் கரியில் இருக்கிறது. உத்தரத்தின் மேற்பரப்பு கரிந்ததும் அந்தக் கரியே ஒரு போர்வையாகி, உள்ளே சூடு போவதைக் குறைக்கிறது. ஐரோப்பியக் கட்டட விதிகளில் ஊசியிலை மரத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 0.65 மில்லிமீட்டரும், அடர்ந்த மரத்துக்குச் சுமார் 0.5 மில்லிமீட்டரும் கரியும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். தேக்கு இரண்டாவது வகை. அரை மணி நேரம் தீயில் நின்றாலும் ஒரு முகத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் அளவுதான் போகும். உங்கள் தாத்தா காலத்து உத்தரம் அரை அடிக்குக் குறையாத கனம் இருக்கும். அதே தீயில் ஓர் இரும்பு உத்தரம் 550, 600 டிகிரிக்குச் சூடேறினால் தன் வலுவில் ஏறக்குறைய பாதியை இழந்து தொய்ந்துவிடும். மரம் எரியும், இரும்பு எரியாது என்பது உண்மைதான். எரிந்துகொண்டே தாங்கும் மரமும் உண்டு, எரியாமலே விழும் இரும்பும் உண்டு.

கால் ஓட்டை ஏன் பிடித்துக்கொண்டேன் என்றால், ஆசாரி உத்தரத்தைப் பார்த்தார், பலகையைப் பார்க்கவில்லை. ஒரு அங்குல அயினிப் பலகையும் (புனலூர்ப் பக்கம் ஆஞ்ஞிலி என்பார்கள்) மெதுவாகத்தான் கரியும். ஆனால் பலகைக்கும் பலகைக்கும் நடுவே காய்ந்து விலகிய இடுக்கு இருக்கிறதே, தீ அதன் வழியாக முதல் சில நிமிடங்களிலேயே மேலே வந்துவிடும். புகை அதற்கும் முன்னால் வரும். இரவில் கீழ்க்கட்டில் விளக்கைப் போட்டுவிட்டு, மாடியை இருட்டாக்கி, தரையைப் பாருங்கள். வெளிச்சக் கீற்று எங்கெல்லாம் தெரிகிறதோ அங்கெல்லாம் அடைக்க வேண்டும். மச்சுப் பலகைமேல் செம்மண் பரப்பிச் சுண்ணாம்புக் கலவை போட்ட தளம் உங்கள் வீட்டில் இருந்தால், அதைவிட நல்ல தீத்தடுப்பை நான் எழுதித் தர முடியாது. 'பாரம் குறையட்டும், எடுத்துவிட்டு வினைல் விரித்துக்கொள்ளலாம்' என்று எந்த மேஸ்திரி சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். உங்கள் செங்கோட்டைச் சீமை 1956 நவம்பரில் சென்னை மாநிலத்தோடு சேர்வதற்கு முன், திருவிதாங்கூர்க் காலத்தில் கட்டிய வீடுகள் பலவற்றை இப்படி 'சீர்திருத்தி'க் கெடுத்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

இனி கொழுந்தனுக்கு வருகிறேன். அவர் சொல்வது கிராமத்து வைத்தியம் என்று சிரித்துவிட வேண்டாம். டி.ஏ.பி. என்பது டை அமோனியம் பாஸ்பேட். சூடேறினால் அதிலிருந்து அம்மோனியா பிரிந்து பாஸ்பாரிக் அமிலம் மிஞ்சுகிறது. அந்த அமிலம் மரத்திலுள்ள செல்லுலோசின் நீரைப் பிடுங்கி, வாயுவாகப் போய் எரிய வேண்டியதைக் கரியாக அங்கேயே நிறுத்திவிடுகிறது. கரிமூட்டம் போடுகிறவர் மண்ணை மூடிச் செய்கிற வேலையை இந்த உப்பு தன் வழியில் செய்கிறது. 1821-ஆம் ஆண்டிலேயே பிரான்சில் கே லுசாக் என்ற வேதியியல் அறிஞர், நாடக அரங்கத் துணிகள் அடிக்கடி பற்றிக்கொள்வதைத் தடுக்க அமோனியம் பாஸ்பேட், நவச்சாரம், வெண்காரம் ஆகியவற்றைச் சோதித்து எழுதினார். அதற்கும் முன்னால், கி.மு. முதல் நூற்றாண்டில் ஏதென்ஸ் துறைமுகத்தை ரோமர்கள் முற்றுகையிட்டபோது, எதிர்த்து நின்றவர்கள் தங்கள் மரக் கோபுரத்துக்குப் படிகாரம் பூசிக் காத்தார்கள் என்று ஒரு செய்தி உண்டு. உங்கள் கொழுந்தனுக்கு முன்னோர்கள் பெரிய இடம்.

வெண்காரத்துக்குத் தனிக் குணம். சூட்டில் உருகிக் கண்ணாடிபோலப் படர்ந்து சுடர் பரவுவதை மட்டுப்படுத்தும். கங்கு கனல்வதை அடக்காது, சில சமயம் கங்கு நீடிக்கவே இடம் கொடுக்கும். போரிக் அமிலம் நேர்மாறானது. கங்கு கனல்வதைத் தணிக்கும், சுடரை அவ்வளவாகத் தடுக்காது. ஆகவேதான் எங்கள் தொழிலில் இரண்டையும் எப்போதும் சேர்த்தே கரைப்போம். வெண்காரம் மட்டும் பூசிய பலகைமேல் விருந்தினர் கொசுவர்த்திச் சுருளை வைத்துவிட்டுத் தூங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மருந்து சரிதான். பிறகு எங்கே தவறு? அளவில்தான் தவறு. தீயைத் தாமதப்படுத்தும் அளவுக்கு உப்பு ஏற வேண்டும் என்றால், ஒரு கன மீட்டர் மரத்துக்கு 40 முதல் 80 கிலோ வரை உள்ளே போக வேண்டும். பத்தடி நீளம், ஓரடி அகலம், ஓர் அங்குலக் கனமுள்ள ஒரே ஒரு பலகைக்கு இது ஏறக்குறைய ஒன்றிலிருந்து இரண்டு கிலோ. பிரஷ்ஷால் இரண்டு தடவை அடித்தால் அந்தப் பலகையில் ஏறுவது சில பத்து கிராம். மரத்தை உருளைத் தொட்டியில் அடைத்து, காற்றை உறிஞ்சி எடுத்து, அழுத்தத்தோடு கரைசலை உள்ளே செலுத்தினால்தான் கிலோ கணக்கில் ஏறும். மாட்டியிருக்கும் மச்சைத் தொட்டிக்குள் வைக்க முடியாது. வைத்தாலும், தேக்கின் வைரப்பகுதி மருந்து குடிப்பதில் மகா பிடிவாதக்காரன்.

குடித்துவிட்டாலும் உங்கள் ஊருக்கு ஆகாது என்பதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். இருபது ஆண்டுகளுக்கு முன், குற்றாலம் பக்கத்து விடுதி ஒன்றின் கதவு நிலைகளுக்கு அமோனியம் உப்புக் கரைசல் ஏற்றிக் கொடுத்தேன். பங்குனியில் மாட்டினார்கள், மாப்பிள்ளை மாதிரி நின்றன. ஆவணியில் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், நிலைகள் வியர்த்துக்கொண்டிருக்கின்றன. சாரல் காற்றின் ஈரத்தை உப்பு உறிஞ்சி, கரைந்து, வெளியே வந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. வார்னிஷ் தோல் உரிந்த கைபோல இருந்தது. பித்தளைக் கீல்கள் பச்சையாகிவிட்டன, ஒன்றில் விரிசலே விழுந்திருந்தது. அத்தனையையும் என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். இத்தனைக்கும் அம்மோனியாவும் பித்தளையும் சேராது என்பது இந்திய மண்ணிலேயே கண்ட பாடம். பிரிட்டிஷ் பட்டாளம் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தது. மழை முடிந்து எடுத்தால் பித்தளை உறைகள் வெடித்திருந்தன. குதிரைச் சிறுநீரின் அம்மோனியாதான் காரணம் என்று 1921-இல்தான் விளக்கம் கிடைத்தது. அதைப் படித்திருந்த நானே அந்தக் கீல்களை மாட்டச் சொன்னேன்.

இன்னொரு வினையும் உண்டு. அமெரிக்காவில் 1980-களில், இத்தகைய உப்பேற்றிய ஒட்டுப்பலகைகளைக் கூரைக்குக் கீழே பரப்பினார்கள். வெயிலில் கூரைச் சூடு ஏறி ஏறி, தீ வரும்போது வெளிவர வேண்டிய அமிலம் தீ வராமலே மெல்ல வெளிவந்து, பலகையை உள்ளிருந்து தின்றுவிட்டது. சில ஆண்டுகளிலேயே பலகைகள் கருத்து, மிதித்தால் நொறுங்கும் நிலைக்கு வந்தன. சித்திரை வெயிலில் உங்கள் ஓட்டுக் கூரைக்குக் கீழ் கையை வைத்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும். ஆகவே பழைய மரத்துக்கு உரக் கரைசல் வேண்டாம். கொழுந்தனிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள், டி.ஏ.பி. வயலுக்குப் போகட்டும்.

புதிதாக வாங்கும் மரத்தில் ஒரு எச்சரிக்கை. எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து ரப்பர் மரம் மலிவாக வருகிறது. 'டிரீட்மென்ட் செய்தது, போராக்ஸ் ஏற்றியது' என்பார்கள். உண்மைதான், அந்தத் தொழிலில்தான் என் பாதி ஆயுள் போனது. ஆனால் அது பூச்சிக்கும் பூஞ்சைக்கும் ஏற்றிய அளவு. தீக்கு வேண்டியதில் சிறு பங்குதான். அந்த மரத்தைத் தீத்தடுப்பு மரம் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

பெயின்ட்காரரின் சரக்கில் விஷயம் இருக்கிறது. அவர் காட்டியது சூட்டில் பொங்கி உப்பும் வகைப் பூச்சாக இருந்தால், அதில் மூன்று பேர் கூட்டு: அமிலம் தரும் அமோனியம் பாலிபாஸ்பேட், கரியாக மாறும் பென்டாஎரித்ரிட்டால், வாயு விடும் மெலமைன். சூடு பட்டதும் கேரளத்துப் பப்படம் எண்ணெயில் விழுந்ததுபோல உப்பி, பூச்சின் கனத்தைப்போலப் பல பத்து மடங்கு கரிநுரையாகி மரத்தை மூடிக்கொள்ளும். நல்ல யோசனை, நன்றாக வேலை செய்யும். ஆனால் கனம் வேண்டும். 'இரண்டு கோட்' என்பது கணக்கே இல்லை. ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு என்று கேளுங்கள், அந்த அளவில் மரத்தின்மேல் செய்த சோதனைச் சான்றைக் கேளுங்கள். இரும்பின்மேல் செய்த சான்றைக் காட்டினால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். பழைய வார்னிஷ், எண்ணெய்ப் பூச்சு எல்லாவற்றையும் சுரண்டித் தேய்த்த பிறகுதான் இது பிடிக்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதுபோல, அந்தக் கூலி பூச்சின் விலையைத் தாண்டும். ஈரம் பட்டால் கெடும் என்பதால், அதே நிறுவனம் சொல்லும் மேற்பூச்சையும் சேர்த்து அடிக்க வேண்டும். அதன்மேல் நீங்களாக வேறு வார்னிஷ் பூசினால், உப்ப வேண்டிய நேரத்தில் அது உப்பாது.

முழு வீட்டுக்கும் வேண்டாம், ஓரிடத்துக்கு மட்டும் அடியுங்கள். மரப்படிக்கட்டின் அடிப்பக்கமும் பக்கப்பலகைகளும், படியறையின் மரச் சுவர் இருந்தால் அதுவும். மாடியிலிருப்பவர்கள் இறங்கும் வழி அது ஒன்றுதான். கீழே பற்றும் தீ படியின் அடிவயிற்றைத்தான் முதலில் நக்கும். மிதிக்கும் பக்கத்தில் அடித்தால் கால்பட்டுத் தேய்ந்துவிடும், பணம் வீண்.

இப்போது அந்த லைட்டர். டபிள்யூ.பி.சி. என்ற பெயரில் கடைகளில் குறைந்தது இரண்டு சாதிச் சரக்கு இருக்கிறது. மரத்தூளோடு பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன் சேர்த்து அழுத்தியது ஒன்று; பெரும்பாலும் வெளித்தரைக்கு வரும். மரத்தூளோடு பி.வி.சி. சேர்த்து நுரைக்க வைத்தது மற்றொன்று. அடுக்களை அலமாரிக்கும் கதவுக்கும் வருவது அதிகமும் இதுதான். முதல் வகை, மருந்து சேர்க்காவிட்டால், மரத்தைவிட மோசம். பாலிஎத்திலீன் ஒரு கிலோ எரிந்தால் வரும் வெப்பம் ஒரு கிலோ விறகு தருவதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். கரி போர்த்திக்கொள்ளாது, உருகிச் சொட்டும். சொட்டுகிற ஒவ்வொரு துளியும் தீயோடு விழும்.

இரண்டாம் வகைதான் லைட்டர் வித்தைக்கு உதவுவது. தூய பி.வி.சி.யின் எடையில் 57 விழுக்காடு குளோரின். அதனால் சிறு சுடரை எடுத்ததும் தானாக அணைந்துவிடும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, பாதியில் நிறுத்திவிட்டார். அடுக்களையில் பற்றுவது லைட்டர் அளவுத் தீயாக இருக்காது. எண்ணெய்ச் சட்டியும் திரைச்சீலையும் சிலிண்டர் குழாயும் சேர்ந்து எரியும்போது வெளிச்சூடு நிற்காமல் வந்துகொண்டே இருக்கும், அப்போது பி.வி.சி.யும் எரியும். எரிவதற்கு முன்பே ஹைட்ரஜன் குளோரைடை அள்ளி விடும். கண்ணின் ஈரத்தில், மூச்சுக்குழாயின் ஈரத்தில் அது ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிவிடும். புகையில் கண் திறக்க முடியாத விருந்தினருக்குப் படிக்கட்டு எங்கே என்று எப்படித் தெரியும்? என் கோபம் இதற்குத்தான். இன்னொன்று, பி.வி.சி. 80 டிகிரி வாக்கிலேயே இளகும். அடுப்புக்கு நேர் மேலே தட்டாக வைத்தால் தீ வராமலே தொங்கிவிடும்.

எந்த வகை என்று கடைக்காரருக்கே தெரியாவிட்டால் நீங்களே பார்த்துவிடலாம். திறந்தவெளியில், குறடால் பிடித்த செம்புக் கம்பியைச் சுடரில் நிறம் போகும்வரை காய்ச்சி, பலகைத் துண்டில் ஒற்றி, மறுபடி சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் குளோரின் இருக்கிறது, பி.வி.சி. என்று வைத்துக்கொள்ளலாம். புகையை முகராதீர்கள், குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

நல்ல நிறுவனங்கள் பலகை செய்யும்போதே மருந்தைக் கலக்கின்றன. அலுமினியம் ஹைட்ராக்சைடு 200 டிகிரி வாக்கில் சிதைந்து, தன் எடையில் மூன்றில் ஒரு பங்கை நீராவியாக விட்டுப் பலகையைக் குளிர்விக்கும், நமக்கு வியர்ப்பதுபோல. பாலிபுரோப்பிலீனை உருக்கும் சூட்டிலேயே அது சிதைந்துவிடக்கூடும் என்பதால், அங்கே 300 டிகிரிக்கு மேல் தாங்கும் மக்னீசியம் ஹைட்ராக்சைடைப் போடுவார்கள். இரண்டுக்கும் ஒரே குறை: பலன் தெரிய வேண்டும் என்றால் பாதி எடைக்குப் பொடியாகவே கொட்ட வேண்டும். அப்புறம் பலகை மாவுக்கட்டி மாதிரிதான், திருகாணி நிற்காது. அமோனியம் பாலிபாஸ்பேட்டுக்குக் குறைந்த அளவு போதும்; உள்ளிருக்கும் மரத்தூளே கரியாகி அதற்குத் துணை நிற்கும். விலை அதிகம். மலிவாக முடிக்க நினைத்தவர்கள் ஒரு காலத்தில் புரோமின் கலந்த மருந்துகளைப் போட்டார்கள். அவற்றில் டெக்காபிடிஇ என்பதை 2017-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை ஒழிக்க வேண்டிய நச்சுப் பட்டியலில் சேர்த்தது. உடைந்த டிவி, கம்ப்யூட்டர் பிளாஸ்டிக்கை மறுபடி உருக்கிச் செய்த சரக்கில் இத்தகைய மிச்சங்கள் ஒட்டிக்கொண்டு வரும். 'மறுசுழற்சிப் பலகை' என்று பெருமையாகச் சொன்னால், எதை மறுசுழற்சி செய்தார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

சான்று காட்டினால், அதில் எந்தச் சோதனை என்று பாருங்கள். 'யு.எல். 94, வி-0' என்று எழுதியிருந்தால் மயங்க வேண்டாம். விரல் அகலத் துண்டில் பத்து பத்து விநாடியாக இரண்டு முறை சுடர் காட்டும் சோதனை அது. லைட்டர் வித்தையின் படித்த அண்ணன். 'ஏ.எஸ்.டி.எம். இ 84, வகுப்பு ஏ' என்றால் மேல். நீளமான பலகையில் தீ எவ்வளவு தூரம் ஓடுகிறது, எவ்வளவு புகை வருகிறது என்று அளக்கும் சோதனை. ஒட்டுப்பலகை வாங்குவதானால் ஐ.எஸ். 5509 முத்திரை பாருங்கள், தீத்தடுப்பு ஒட்டுப்பலகைக்கு நம் நாட்டுத் தர எண் அது. ஒட்டுப்பலகைக்குப் பேர்போன பெரும்பாவூர் உங்களுக்கு ஒரு பகல் பயணம்தான்.

என்னைக் கேட்டால் அடுக்களையில் இந்தப் பஞ்சாயத்தே வேண்டாம். கீழ்த்தட்டுகளுக்குக் கடப்பாக்கல், அடுப்புக்குப் பின்னும் மேலும் கல்லோ ஓடோ, கதவுக்கு மட்டும் ஐ.எஸ். 5509 பலகை. கல்லுக்கு எந்தச் சான்றும் வேண்டாம். சிலிண்டர் சுவருக்கு வெளியே இருக்கட்டும்.

மிச்சமாகும் பணத்தில் மின்கம்பிகளை மாற்றுங்கள். மரச் சட்டத்தில் ஆணியடித்து ஓட்டிய பழைய வயரிங் உங்கள் மச்சில் இன்னும் இருந்தால், நான் இதுவரை எழுதிய எல்லாவற்றையும்விட அதுதான் அவசரம். உலோகக் குழாயில் புதுக் கம்பி, அறைக்கு ஒரு எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிப்பது) போட்டுவிடுங்கள். சாரலுக்கு வருகிறவர்கள் ஈரத் துண்டோடு வருவார்கள். அதைக் காய வைக்க இஸ்திரிப் பெட்டியையும் தேடுவார்கள், வாளியில் வெந்நீர்க் கம்பியையும் போடுவார்கள். கீழே ஒரு துணி காயும் கொட்டகையும் வெந்நீர் வசதியும் செய்து கொடுத்துவிட்டால் அந்த வம்பே இல்லை. அறைக்கும் படிக்கும் பேட்டரியில் ஓடும் புகை எச்சரிக்கைக் கருவி மாட்டுங்கள். மாடியின் மறுமுனையில் வெளிப்பக்கமாக ஓர் இரும்புப் படி இறக்க முடியுமா என்று ஆசாரியோடு உட்கார்ந்து பேசுங்கள். முடியாது என்றால் மூன்று அறைகளை ஒன்றாகக் குறைத்துக்கொள்வதுதான் என் யோசனை. தளத்துக்கு ஒரு ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் வையுங்கள். அந்தச் சிவப்பு உருளைக்குள் இருப்பது பெரும்பாலும் மோனோ அமோனியம் பாஸ்பேட், டி.ஏ.பி.க்கு ஒன்றுவிட்ட தம்பி. கொழுந்தனிடம் சொன்னால் சந்தோஷப்படுவார்.

வேலை நடக்கும்போது விழும் டபிள்யூ.பி.சி. துண்டுகளை வெந்நீர் அடுப்பில் போட்டு எரிக்க ஒருவரையும் விடாதீர்கள். மருந்தேற்றிய மரத்தூளும் அப்படியே. அதைக் கோழிக்கூண்டில் பரப்பக்கூட வேண்டாம்.

பத்தாயத்துக்கு எதுவும் பூச வேண்டாம். நெல் கொட்டிய பெட்டியில் மறுபடி தானியம் போடும் எண்ணம் வரலாம். வெண்காரமும் போரிக் அமிலமும் அதற்கு ஆகாது. நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பதால் கெடுதல் இல்லை என்று நினைப்பது தவறு. போரிக் அமிலத்தை ஐரோப்பாவில் இனப்பெருக்கத்துக்குக் கேடு தரும் பொருள் என்றே வகைப்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் படிக்கட்டுக்கு அடியில் பத்தாயம் இருக்கவே கூடாது. உங்கள் பத்தாயத்தில் இப்போது நெல் இருக்காது. பழைய பஞ்சு மெத்தையும் செய்தித்தாள் கட்டும் இருக்கும் என்று என் ஊகம். நான்கு ஆளைக் கூப்பிட்டு முன் திண்ணைக்கு நகர்த்துங்கள்.